இடது தோள்

அவெர்கி பெரெகூதவை நான் சென்டிமீட்டரில் அறிவேன்.
மார்பு நூற்றியெட்டு. கழுத்து நாற்பத்து மூன்று.
முப்பத்தாறாம் ஆண்டு, பிரிகேட் தளபதியான புதிதில்
எங்கள் தையற்கூடத்தின் மேடையில் ஏறி நின்று
ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்துக் கூச்சப்பட்டார்.
வியாத்கா ஆற்றில் படகிழுத்தவன் மகன்.
அதுவரை கண்ணாடி என்றால்
முகம் மழிக்க ஒரு சில்லு.

பேரேட்டில் அவருக்கு அடுத்த வரி
நாற்பதாம் ஆண்டு, மார்ச்.
மார்பு தொண்ணூற்றொன்று.

நடுவில் எங்கே இருந்தீர்கள் என்று
யாரும் யாரையும் கேட்காத காலம்.
இடது தோள் வலதைவிட மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.
கையைத் தூக்கச் சொன்னேன். காதுவரை வரவில்லை.
"குதிரை தள்ளிவிட்டது" என்றார்.
"குதிரைகள் அப்படித்தான்" என்றேன்.
அரசாங்கப் பஞ்சு அன்றைக்குத் தீர்ந்திருந்தது.
ராணுவத்தில் சேர்ந்த தம்பி மோத்யா
ஆணியில் மாட்டிவிட்டுப் போன குளிர்கோட்டைப் பிரித்து
மூன்று அடுக்காகத் தைத்து உள்ளே வைத்தேன்.
கண்ணாடியில் நிமிர்ந்தார் ஒரு தளபதி.

போர் வந்தது.
செய்தித்தாளில் அவர் படம் வரும்போதெல்லாம்
நான் முகத்தைப் பார்ப்பதில்லை.
முற்றுகையை உடைத்துக்கொண்டு
நானூறு பேரோடு சேற்றுக் காட்டிலிருந்து வெளியே வந்த படம்:
கை மணிக்கட்டோடு கிழிந்து தொங்குகிறது,
தோள் மட்டம் பிசகவில்லை.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாற்பத்து மூன்றில் தோள்பட்டிகள் திரும்பி வந்தன.
பதினேழில் ஜாரின் அதிகாரிகளிடமிருந்து
இவரே பிய்த்தெறிந்தவை, இப்போது பொன்ஜரிகையில்.
"இறுக்கித் தையுங்கள், ஃபைனா.
எவ்வளவு சுலபமாகக் கிழியும் என்று எனக்குத் தெரியும்."

அந்த இலையுதிர்காலத்தில்தான் ஆறு.
அகலம் எழுநூறு மீட்டர்.
படகுகள் வந்து சேரவில்லை,
கடக்கவேண்டிய தேதி வந்துவிட்டது.
மழைத்துணியில் வைக்கோலைத் திணித்து
அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள்.
மூன்றாம் இரவு அக்கரை கிடைத்தது. அவருக்கு நட்சத்திரம் கிடைத்தது.
மோத்யா முதல் இரவில் போனவன்.
நீச்சல் தெரியாது; வைக்கோல் ஊறினால் கனக்கும் என்பது தெரியும்.
நாங்கள் மாட்டுக்காரன் பேரப்பிள்ளைகள்.

நாற்பத்தைந்து ஜூன், அணிவகுப்புச் சீருடை.
இரவு பகலாகத் தைத்தோம், கால் மிதியை விட்டு இறங்காமல்.
அவர் மேடையில் ஏறி
வலது கையை மட்டும் விரித்து நின்றார்.
பதக்கங்களின் பாரம் துணியைக் கிழிக்காதிருக்க
உள்பக்கம் கான்வாஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:
"உங்கள் வீட்டில் எல்லோரும் திரும்பிவிட்டார்களா?"

என் வாய் நிறையக் குண்டூசி.
ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினேன்.
அவர் காத்திருந்தார். நல்ல மனிதர்தான், காத்திருந்தார்.
பதினோராவது ஊசியோடு வாய் காலியானது.
மேசைக்குப் போய்
இன்னொரு பிடி எடுத்து
உதட்டில் கவ்விக்கொண்டேன்.

அப்புறம் அவரை உராலுக்கு அனுப்பினார்கள்.
அப்புறம் ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளிக்கு,
அப்புறம் வீட்டுக்கு.
கடைசியாகத் தைத்தது ஒரு சாம்பல் நிறச் சாதாரணக் கோட்டு.
முட்டைக்கோஸ் பாத்தியில் நிற்கப் போகிறவருக்கு எதற்கு என்றேன்.
"பஞ்சு இருக்கட்டும்" என்றார்.
பழையதையே பிரித்து மாற்றி வைத்தேன்.

அறுபத்திரண்டு பிப்ரவரி.
ஸினயீதா மாக்ஸிமவ்னா பெரிய சீருடையைக் கொண்டுவந்தாள்,
சாம்பல் கோட்டும் கையில்.
எது பொருந்தும் என்று அவளுக்குத் தெரியவில்லை.
இரண்டும் பொருந்தாது, உடம்பு அவ்வளவு வற்றியிருந்தது.
சீருடையின் முதுகை மேலிருந்து கீழாக வெட்டினேன்;
கிடப்பவருக்கு அப்படித்தான் மாட்டுவார்கள்.

மார்பளவு எடுக்கவில்லை.
சாம்பல் கோட்டின் இடது தோளில்
நாலு தையலை அறுத்து
பஞ்சைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
மஞ்சளாகியிருந்தது.
யார் வேர்வை என்று சொல்ல முடியவில்லை.